ஆலைக் கழிவிலிருந்து மின்சாரம்: தொடங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கங்கைகொண்டான் சிப்காட் போன்ற தொழிற்பேட்டையில் ஆலை நடத்துவோர், பழைய டயர், பிளாஸ்டிக், பெயிண்ட் கசடு ஆகியவற்றை எரித்து மின்சாரம் எடுக்க நினைத்தால், இயந்திரத்தை விலை பேசும் முன் கழிவைப் பிரிக்க வேண்டும். பிவிசி குழாய்த் துண்டுகளை முதலில் அகற்றுங்கள். அதிலுள்ள குளோரின்தான் டயாக்சின் என்னும் நஞ்சு உருவாக வழிசெய்கிறது.

அடுத்து, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி எரிவெப்பத்தை அறியுங்கள். டயர்க் கழிவில் கிலோவுக்குச் சுமார் 30 மெகாஜூல் வெப்பம் உண்டு. ஒரு டன்னில் ஏறத்தாழ 8,300 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருந்தாலும், கொதிகலனும் நீராவிச் சுழலியும் அதில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்கும் எனக் கொண்டால், கையில் கிடைப்பது சுமார் 1,660 யூனிட்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் கிடந்து நனைந்த கழிவு இதையும் குறைத்துவிடும். ஆகவே கூரையிட்ட கிடங்கு அவசியம்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கழிவு எரியும்போது எழும் வாயு குறைந்தது 850 பாகை செல்சியஸில் இரண்டு நொடி நிற்க வேண்டும். குளோரின் போன்ற ஆலசன் கொண்ட கரிமச் சேர்மங்கள் ஒரு விழுக்காட்டுக்கு மேலுள்ள அபாயக் கழிவுக்கு 1,100 பாகை. அங்கே கழிவின் உயிரியப் பகுதி (தாவரம், விலங்கிலிருந்து வந்தது) மட்டுமே புதுப்பிக்கத்தக்கதாகக் கணக்கிடப்படுகிறது. டயரிலும் குமரி மாவட்டத் தோட்டங்களில் வடிப்பது போன்ற மரப்பாலில் செய்த இயற்கை ரப்பர் ஒரு பங்கு உண்டு; அந்தப் பங்கும் உயிரியமே என்பது வேடிக்கையான சிக்கல்.

புகையைத் தூய்மையாக்கும் சுண்ணாம்பு, கரித்தூள், பைவடிகட்டி ஆகியவற்றின் செலவைச் சேர்த்த பிறகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் விண்ணப்பியுங்கள். சிறிய ஆலைக்கு, கழிவைச் சிமெண்ட் சூளைக்கு எரிபொருளாக அனுப்புவதே பெரும்பாலும் கட்டுபடியாகும்.