வியாபாரத்தின் பெறுமதியை முறையாகக் கணிப்பிடுவது எப்படி?

திருகோணமலையில் விடுதியோ ஐஸ் ஆலையோ இரும்புக்கடையோ நடத்தும் ஒருவரிடம் அவருடைய வியாபாரம் எவ்வளவு பெறும் என்று கேட்டால், பெரும்பாலும் காணியின் விலையையே சொல்வார். வங்கியும் கடன் கொடுக்கையில் காணியையும் கட்டடத்தையுமே பெரிதும் பார்க்கிறது. அந்த மதிப்பீட்டு அறிக்கை வியாபாரத்தின் உழைப்பை, அதாவது அது ஈட்டும் வருமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பங்காளி விலகும்போதும், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போதும், வெளிநாட்டிலுள்ள உறவினர் முதலிட முன்வரும்போதும் தேவைப்படுவது அந்த உழைப்பின் கணக்கு. பிணக்கு வந்தபின் யார் கணித்தாலும் மறுதரப்பு சந்தேகிக்கும் என்பதால், உறவு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்வித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுக் கணக்கையும் வியாபாரக் கணக்கையும் பிரிக்க வேண்டும். உதாரணமாக, உப்புவெளியில் எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதி ஆண்டுக்கு 60 இலட்சம் ரூபாய் இலாபம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன் வரவேற்பிலும் மனைவி சமையலறையிலும் சம்பளமின்றி நிற்கிறார்கள். அவர்களுடைய இடத்துக்கு ஆள் வைத்தால் ஆண்டுக்கு 24 இலட்சம் செலவாகும். காணி மனைவியின் சீதனம் என்பதால் வாடகை கொடுப்பதில்லை. கொடுத்தால் 12 இலட்சம் ஆகும். இரண்டையும் கழித்தால் வியாபாரம் தானாக உழைப்பது 24 இலட்சம் மட்டுமே. முதலீட்டாளர் போடும் பணத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 20 வருவாய் எதிர்பார்த்தால், 24 இலட்சத்தை 20ஆல் வகுத்து 100ஆல் பெருக்க, வியாபாரத்தின் பெறுமதி 1 கோடி 20 இலட்சம். காணியின் விலை இதில் சேராது, அது தனி. வாடகையைக் கழிக்காமல் காணி விலையையும் கூட்டுவது ஒரே பொருளை இரண்டு முறை எண்ணுவதாகும். நம் ஊரில் அதிகம் காணப்படும் பிழை இதுதான்.

ஒரே ஆண்டின் கணக்கை நம்ப வேண்டாம். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் மே முதல் செப்டெம்பர் வரையே பயணிகள் திரளுகிறார்கள். 2019 ஏப்ரல் தாக்குதல்களும், 2020இல் வந்த தொற்றும், 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும் பல ஆண்டுக் கணக்குகளைக் குலைத்துவிட்டன. வழமையான ஆண்டுகள் எவை என்பதை மதிப்பீட்டாளருக்கு ஆதாரத்துடன் விளக்குங்கள்.

காணி உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் மறைக்காதீர்கள். பின்னையதை அரச அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் இருந்தால், ஐந்து ஆண்டுகள் முடித்த, மாதச் சம்பளம் பெறும் ஒவ்வொருவருக்கும் வேலையை விட்டு விலகும்போது சேவை ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உரியது. புத்தகத்தில் எழுதப்படாவிட்டாலும் அது கடனே.

காணிக்குத் தகைமையுள்ள மதிப்பீட்டாளரையும், வருமானத்துக்குப் பட்டயக் கணக்காளரையும் அமர்த்துங்கள். எந்த நோக்கத்துக்கு, எந்தத் திகதிக்குரிய பெறுமதி என்பதை எழுத்தில் பெறுங்கள். கட்டணம் பெறுமதியின் நூற்றுவீதமாக அல்லாமல் நிலையான தொகையாக இருக்கட்டும்.

அறிக்கை வந்ததும் கடைசித் தொகையைப் பார்க்கும் முன் வருவாய் வீதத்தைப் பாருங்கள். மேற்சொன்ன விடுதிக்கு 20க்குப் பதிலாக 25 என்று எடுத்தால் பெறுமதி 96 இலட்சமாக இறங்கும். அந்த வீதத்தை ஏன் எடுத்தார் என்று கேட்டு, பதிலை அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.