வாடி நிற்கும் மிளகாய் நாற்றைத் தேற்றுவது எப்படி?

விதை போட்டு மூன்று நாலு வாரம் ஆகியிருக்கும். நாலு இலை விட்ட மிளகாய் நாற்று அதற்கு மேல் நகராமல், வெளிறிப்போய்த் தலை தொங்கி நிற்கும். உடனே கை பூவாளியைத் தேடும். அதைக் கீழே வையுங்கள். புதிதாக மாடித்தோட்டம் போடுகிறவர்களிடம் காய்ந்து சாகிற நாற்றை விட ஊறிச் சாகிற நாற்றுதான் அதிகம்.

முதலில் கப்பைத் தூக்கிப் பாருங்கள்

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி நாற்று வளர்க்கும் கப் காய்ந்திருந்தால் பஞ்சு போல லேசாக இருக்கும். கனக்கிறதா? அப்படியானால் தண்ணீர் கூடிவிட்டது. ஈரத்தில் நிற்கும் நாற்று ஏன் வாட வேண்டும் என்று கேட்கலாம். வேருக்குக் காற்று கிடைக்காவிட்டால் அதனால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை காய்ந்த செடியைப் போலவே தொங்கும். கோகோபீட் மேலே வெளிறிக் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். கண்ணை நம்பாமல் விரலை ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள்.

அடுத்து, மண்ணைத் தொடும் இடத்தில் தண்டைக் கவனியுங்கள். அங்கே மட்டும் பழுப்பாகி, நீர் கோத்து, நூல் போல மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். அந்த நாற்று பிழைக்காது. கப்போடு அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள்.

தண்டு நன்றாக இருந்தால் கப்பைச் சாய்த்து, மண்கட்டி உடையாமல் நாற்றை மெல்ல வெளியே எடுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. பழுப்பாகி, தொட்டால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

தண்ணீர் கூடியிருந்தால்

கப்பின் அடியில் பென்சில் முனை நுழையும் அளவில் நாலைந்து துளை போடுங்கள். ஒரே துளை போட்டால் ஒரு துண்டு நார் போதும், அடைத்துக்கொள்ளும். காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள நிழலில் வைத்து, மேல் ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீர் விடாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். பிறகு சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நன்மை தரும் பாக்டீரியா) பொடியை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, கப்புக்கு 50 மில்லி வேரில் ஊற்றலாம். அதோடு காப்பர் (செம்பு) கலந்த பூஞ்சை மருந்து கலக்கக் கூடாது, சூடோமோனாஸ் நுண்ணுயிர் செத்துவிடும்.

இலை நுனி மட்டும் கருகியிருந்தால் கோகோபீட்டில் உப்பு இருக்கலாம். கட்டியை ஊறவைத்து மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் விதைக்க வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. விதைத்துவிட்டீர்கள் என்றால் கப்பின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை ஒரே ஒரு முறை மெதுவாக ஊற்றி, அடி வழியாக முழுவதும் வடிய விடுங்கள்.

நெட்டையாகச் சாய்ந்தால்

வெளிச்சம் போதவில்லை. அதற்காக ஜன்னலோரம் இருந்ததைத் தூக்கி ஒரேயடியாக மொட்டைமாடி வெயிலில் வைத்தால் இலை வெள்ளை வெள்ளையாக வெந்துபோகும். காலை வெயிலில் முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாளில் பழக்குங்கள். கோடையில் 50 சதவீத நிழல்வலை வேண்டும். தக்காளித் தண்டு புதைந்த இடமெல்லாம் வேர் விடும், மிளகாய் அந்த அளவுக்கு விடாது. ஆகவே கழுத்துவரை புதைக்காமல் ஈர்க்குச்சி ஒன்றை நட்டுத் தளர்வாகக் கட்டினால் போதும்.

மஞ்சள் எந்த இலையில்?

விதையிலை இரண்டும் பழுத்து உதிர்வது இயல்பு. அதற்கு மேலுள்ள அடி இலைகள் முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை. கோகோபீட்டில் சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கப்புக்கு ஒரு ஸ்பூன் மண்புழு உரம் போடுங்கள், அல்லது பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 15 மில்லி கலந்து வாரம் ஒரு முறை ஊற்றுங்கள். வளர்ந்த செடிக்குச் சொல்லும் 30 மில்லி இதற்கு வேண்டாம். அழுகிய வேருக்கு உரமே வேண்டாம்.

குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. உப்பான போர் தண்ணீர் விடும் வீடுகளில் இது சகஜம். நாற்றுப் பருவம் முடியும்வரை மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ கொடுங்கள்.

இலை சுருண்டால்

ஓரம் மேல்நோக்கி மடங்கிப் படகு போலிருந்தால் இலைப்பேன், கவிழ்த்த படகு போலிருந்தால் செடிச்சிலந்தி (சாறு உறிஞ்சும் மைட், வலை பின்னும் வீட்டுச் சிலந்தி இல்லை). வெள்ளைத் தாளின் மேல் குருத்தைத் தட்டுங்கள். கோடு கிழித்த மாதிரி மெல்லிய மஞ்சள் பூச்சிகள் நகர்ந்தால் அவை பேன்கள். சிலந்தி வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டுக்கும் வேப்பெண்ணெய் 3 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, ஐந்து நாளைக்கு ஒரு முறையாக மூன்று தடவை தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் எண்ணெயே இலையைச் சுட்டுவிடும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். உரம், மருந்து, இடமாற்றம் மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று தெரியாது.

பழுத்த இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். புது இலை முந்தையதை விடப் பெரிதாக வருகிறதா என்று பாருங்கள். வழக்கமாக 35 முதல் 40 நாளில் க்ரோ பேக்குக்கு (செடி வளர்க்கும் பைக்கு) மாற்றுவார்கள். தேறிவரும் நாற்றுக்கு நாள் கணக்குப் பார்க்காமல், இப்படி நல்ல இலை இரண்டு வந்த பிறகு, ஒரு சாயங்காலம் மாற்றி நடுங்கள்.