நாடா இல்லாத காலணி: லோஃபர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மற்ற ஷூக்களில் அளவு சற்றுப் பிசகினாலும் நாடாவை இறுக்கியோ தளர்த்தியோ சமாளித்துவிடலாம். லோஃபரில் அந்த வசதி கிடையாது. புறங்காலின் மேல் படியும் தோலும் குதிகாலைச் சுற்றி நிற்கும் பகுதியுமே பாதத்தைப் பிடித்து வைக்க வேண்டும். இதை வாங்குகிற இளைஞர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, தளர்வாக இருப்பதைச் சௌகரியம் என்று எண்ணிக்கொள்வது. ஸ்னீக்கர் அணிந்து பழகிய கால் சற்று விசாலமான இடத்தையே தேடும். நானும் என் முதல் லோஃபரை அப்படித்தான் வாங்கினேன். கடையில் மெத்தென்று இருந்தது. மூன்றே மாதத்தில் படியிறங்கும்போது குதிகால் ஒரு பக்கமும் ஷூ ஒரு பக்கமுமாகப் போயின. கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்தபடியே நடந்ததில் கெண்டைக்கால் வலிதான் மிச்சம். தோல் நாளடைவில் அகலவாட்டில் இளகிக் கொடுக்கும், நீளவாட்டில் ஏறத்தாழக் கொடுக்கவே கொடுக்காது. ஆகவே புதிதில் புறங்காலை வலிக்காமல் கவ்விப் பிடிக்கும் ஜோடியே பிறகு சரியாக அமையும். விரல் நுனி முன்பக்கம் இடிக்கும் ஜோடியோ எத்தனை நாள் போட்டாலும் இடித்துக்கொண்டுதான் இருக்கும். சோல் வளைந்து பழகும்வரை குதிகால் லேசாக எழும்புவது இயல்பு; பாதிக் குதிகால் வெளியே வருவது இயல்பன்று.

ஸ்னீக்கரின் எண்ணையே கேட்டு வாங்குவதும் இதனோடு சேர்ந்த பிழைதான். பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய அளவில் 6.7 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பதால் மாற்று அட்டவணைகள் ஒருபோதும் துல்லியமாகப் பொருந்துவதில்லை. பலருக்கு லோஃபரில் அரை எண் குறைவாகவே சரிப்படும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், இரண்டு கால்களிலும் போட்டு, கடினமான தரையில் நடந்து பார்த்து, பெரிய காலுக்குப் பொருந்துவதை எடுப்பதே முறை.

அடுத்தது தோல். ‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். அது விலங்குத் தோல் என்பதை மட்டுமே சொல்கிறது. தோலை இரண்டாகப் பிளந்து, இழை நெருக்கமான மேலடுக்கை நீக்கிய பின் எஞ்சும் கீழடுக்கின் மீது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசி விற்பதற்கும் அந்த முத்திரை உண்டு. அத்தகைய பூச்சு, நடக்கும்போது மடியும் இடத்தில்தான் முதலில் வெடித்து உரியும். பெருவிரலால் மேல்தோலை அழுத்திப் பாருங்கள்: மேலடுக்கு சிதையாத முழுத்தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் கிளம்பி, விரலை எடுத்ததும் அடங்கும், கனமான பூச்சுள்ளது பிளாஸ்டிக் தாளைப் போல ஒரே பள்ளமாகக் குழியும். உள்ளுறையும் தோலாக இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு; லோஃபரைக் காலுறை இல்லாமல் அணிபவருக்கு மேல்தோலைவிட அதுதான் முக்கியம் என்பேன், ஏனெனில் வியர்வையை உறிஞ்ச வேண்டியது அதுவே.

விரல்களுக்கு மேலே ‘ப’ வடிவில் ஓடும் தையல், மொக்காசின் என்ற மென்தோல் காலணியிலிருந்து வந்தது. நார்வேயின் ஆர்லாண்ட் பகுதி மொக்காசினைத் தழுவி அமெரிக்காவின் ஜி.எச். பாஸ் நிறுவனம் 1936-இல் ‘வீஜன்ஸ்’ என்ற பெயரில் லோஃபரை விற்கத் தொடங்கியது. அசல் மொக்காசினில் ஒரே தோல் பாதத்தின் அடியிலிருந்து மேலேறிச் சுற்றிவந்து அந்தத் தையலில் முடியும். அதன் மென்மைக்குக் காரணம் அந்த அமைப்பே. மலிவான லோஃபர்கள் பலவற்றில் அந்தத் தையல் வெறும் அலங்காரம்.

சோல் வெறும் பசையால் ஒட்டப்பட்டிருந்தால், அது தேய்ந்தபின் மாற்றுவது கடினம். பிளேக் தையல் மேல்தோலையும் உள்சோலையும் வெளிச்சோலையும் ஒரே தையலாக இணைப்பதால் ஷூ மெலிதாகவும் நன்றாக வளைவதாகவும் இருக்கும். மேல்தோலுக்கும் வெளிச்சோலுக்கும் இடையே ஒரு பட்டையை வைத்துத் தைக்கும் குட்இயர் வெல்ட் தையல் இன்னும் உறுதியானது, ஆனால் தொடக்கத்தில் விறைப்பானது. சாதாரண உடைக்கு அணியும் லோஃபருக்கு பிளேக் தையலே போதும் என்பது என் கருத்து. சோலின் ஓரத்தில் தெரியும் தையலைக் கண்டு ஏமாறாதீர்கள். அச்சில் வார்த்த பொய்த் தையலும் உண்டு. தோல் சோல் ஈரத் தரையில் வழுக்குமாதலால் முதல் ஜோடிக்கு ரப்பர் சோலே நல்லது.

நல்ல ஜோடியையும் கெடுக்கிற பழக்கம் ஒன்று உண்டு: அவசரத்தில் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு காலை நுழைப்பது. உள்ளே குதிகாலைத் தாங்கும் விறைப்பான அட்டை ஒருமுறை உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது, நாடா இல்லாத ஷூவுக்குப் பிடிமானமும் போய்விடும். குதிகாலை வழுக்கி உள்ளே நுழைக்க உதவும் வளைந்த தகடான ஷூ ஹார்ன் ஒன்றை வாங்கி வாசலருகே மாட்டிவையுங்கள். அணிந்த ஜோடிக்கு மறுநாள் ஓய்வு கொடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காமல் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.