லோயர் ஆர்ம் புஷ் மாற்றுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது காலுக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடித்தால் அதே சத்தம் இன்னொரு முறை. நேர் ரோட்டில் போனாலும் ஸ்டியரிங்கை லேசாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. டயரின் உள்பக்கம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. இதெல்லாம் சேர்ந்து இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது லோயர் ஆர்மில் (முன்சக்கரத்தை அடியில் காரோடு இணைக்கும் உலோகக் கை) உள்ள ரப்பர் புஷ்களை.

சின்ன காரில் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். சரியான கருவிகளும் ஒரு முழு நாளும் அவசரப்படாத கையும் இருந்தால் போதும். ஆனால் ஓர் இடத்தில் பலர் தவறிவிடுகிறார்கள்: புஷ்ஷின் போல்ட்டை எந்த நிலையில் இறுக்குவது என்பதில். நானும் முதல்முறை செய்தபோது சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டேன். சத்தம் நின்றது. ஐந்து மாதத்தில் திரும்ப வந்தது. கழற்றிப் பார்த்தால், புது ரப்பர் உள்குழலைச் சுற்றி பாதி வட்டத்துக்குக் கிழிந்து கிடந்தது. அதனால் மற்ற படிகளைவிட அந்த ஒரு படிக்கு இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

புஷ் எப்படி வேலை செய்கிறது

பெரும்பாலான சின்ன கார்களில் முன்சக்கரத்தைக் கீழே பிடித்து வைத்திருப்பது எல் வடிவத்தில் உள்ள ஒற்றை லோயர் ஆர்ம்தான். வெளிமுனையில் பால் ஜாயின்ட் (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு), உள்பக்கம் இரண்டு புஷ். முன்னால் இருப்பது பொதுவாகச் சிறியது, விறைப்பானது. பின்னால் இருப்பது பெரியது, மென்மையானது. குழியில் விழும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும் அதிர்வை அதிகம் வாங்குவது இந்தப் பின்புஷ். பல கார்களில் அதுதான் முதலில் கிழிகிறது.

புஷ்ஷின் அமைப்பு எளிது. வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஓர் இரும்புக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். வெளிக்குழல் ஆர்முக்குள் இறுக்கமாக அழுத்தப்பட்டிருக்கும். உள்குழலை போல்ட் சப்ஃபிரேமோடு (ஆர்ம் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) சேர்த்து நெரித்துப் பிடிக்கும். கதவுக் கீல் போல இங்கே எதுவும் சுழல்வதில்லை. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

புஷ் போய்விட்டதா என்று பார்க்க, காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவில் ஒரு நெம்புகோலை வைத்து மெதுவாக நெம்புங்கள். நல்ல ரப்பரும் கொஞ்சம் அசையும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ரப்பருக்கும் குழலுக்கும் நடுவில் இடைவெளி திறந்தால், இரும்போடு இரும்பு தட்டினால், புஷ் முடிந்துவிட்டது. மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு மட்டும் இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். சில கார்களின் பின்புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவு போல ஈரம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். பால் ஜாயின்டும் ஸ்டெபிலைசர் லிங்க்கும் (கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சிறு கம்பி) இதே மாதிரி சத்தம் கொடுக்கும் என்பதால் அவற்றையும் ஆட்டிப் பாருங்கள்.

புஷ் மட்டுமா, முழு ஆர்மா?

பால் ஜாயின்டும் தளர்ந்திருந்தால், அது ஆர்மோடு சேர்ந்தே வருவதாக இருந்தால், முழு ஆர்மையே வாங்கிவிடுங்கள். புது புஷ், புது பால் ஜாயின்ட் எல்லாம் சேர்ந்தே வரும், புஷ்ஷை அழுத்தி எடுத்து ஏற்றும் பிரஸ் வேலையும் இல்லை. முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். பால் ஜாயின்ட் நன்றாக இருக்கிறது, பிரஸ் கைக்கு எட்டுகிறது என்றால் புஷ் மட்டும் மாற்றலாம். எதுவானாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், ஆனால் ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

தேவையானவை: ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அடைக்கட்டை, சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), சுத்தியல், நெம்புகோல், கம்பி பிரஷ், துருவை இளக்கும் ஸ்பிரே, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, அளவு டேப். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்க வேண்டும், எதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில்தான் இருக்கும்.

படி 1: தூக்குவதற்கு முன் அளவெடுங்கள்

சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் பிடியுங்கள். உதாரணத்துக்கு 37 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் எடுத்து ஒரு டேப் துண்டில் எழுதி மட்கார்டின் மேலேயே ஒட்டிவிடுங்கள். கார் தன் எடையோடு நிற்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி இந்த எண்தான். தூக்கிய பிறகு நினைவு வந்தால், மறுபடி இறக்கித்தான் எடுக்க வேண்டும்.

முடிந்தால் முந்தின நாளே எல்லா போல்ட் மேலும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். புஷ் ரப்பர் மேலும் பால் ஜாயின்ட் உறை மேலும் படாமல் அடியுங்கள்.

படி 2: தூக்கி நிறுத்துதல்

கியரில் போட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்) ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்துங்கள். பிறகு தூக்கி, மேனுவல் சொல்லும் இடத்தில் ஸ்டாண்டு வையுங்கள். இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கினால் வேலை எளிது, ஸ்டெபிலைசர் பார் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு தொல்லை தராது. பாடியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் அடியில் கை. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட உள்ளே போகாதீர்கள்.

இன்னொரு விஷயம். சுருள் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பர் உள்ள செங்குத்துத் தண்டு) சுற்றி அமைந்த காரில் ஆர்மைக் கழற்றினாலும் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டிலேயே அடங்கியிருக்கும், ஆபத்தில்லை. ஸ்பிரிங் நேராக லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருந்தால் இந்த முறை பொருந்தாது. ஆர்மை விடுவித்ததும் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும்.

படி 3: பால் ஜாயின்டைப் பிரித்தல்

சக்கரத்தை எடுத்த பிறகு, ஸ்டெபிலைசர் லிங்க் ஆர்மில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றுங்கள். அடுத்து பால் ஜாயின்ட். இதில் இரண்டு வகை அடிக்கடி வரும்.

ஒன்று, நக்கிளில் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் உலோகத் துண்டு) குறுக்காக ஒரு போல்ட் நெரித்துப் பிடிப்பது. இந்த போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். பால் ஜாயின்ட் தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகிறது. போல்ட் பாதி உள்ளே இருக்கும்வரை எவ்வளவு நெம்பினாலும் தண்டு இறங்காது. எடுத்த பிறகு நக்கிளின் பிளவில் ஒரு உளியை லேசாகத் தட்டி விரித்து, ஆர்மைக் கீழே நெம்புங்கள்.

மற்றது, கூம்புத் தண்டும் அதன் மேல் நட்டும் உள்ளது. காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் சிறு கம்பி) இருந்தால் எடுத்துவிட்டு, நட்டை முழுவதும் கழற்றாமல் நான்கைந்து மரையில் நிற்கும்படி விட்டு வையுங்கள். பிறகு தண்டு நுழையும் நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி. தண்டின் முனையில் அடிக்கக் கூடாது, மரை நசுங்கிவிடும். அசையவில்லை என்றால் திருகி அழுத்தும் பால் ஜாயின்ட் புல்லர் வாங்குங்கள். கவட்டை போன்ற கருவி ரப்பர் உறையைக் கிழித்துவிடும், பால் ஜாயின்டைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

ஆர்ம் விடுபட்டதும் நக்கிள் வெளியே சாயப் பார்க்கும். அதிகம் இழுபட்டால் ஆக்சிலின் உள்ஜாயின்ட் பிரிந்துவிடும். ஒரு கயிற்றால் நக்கிளைக் கட்டி வையுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் வயரும் இழுபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

படி 4: ஆர்மை வெளியே எடுத்தல்

முன்போல்ட், பின்போல்ட் இரண்டையும் கழற்றினால் ஆர்ம் கையோடு வந்துவிடும். எந்த போல்ட் எங்கிருந்து, எந்தத் திசையில் வந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில கார்களில் கியர்பாக்ஸோ சப்ஃபிரேமோ குறுக்கே நின்று போல்ட்டை முழுவதும் வெளியே வர விடாது. அப்படியானால் சப்ஃபிரேமைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். உங்கள் காரில் அப்படியா என்பதை மேனுவலில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

படி 5: பழைய புஷ் வெளியே, புது புஷ் உள்ளே

முழு ஆர்ம் வாங்கியவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பழையதை எடுப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று குறியுங்கள். பின்புஷ் ரப்பரில் பிறைச்சந்திரன் போல இரண்டு வெற்றிடம் இருக்கலாம். ஒரு திசையில் மென்மையாகவும் இன்னொரு திசையில் விறைப்பாகவும் இருக்கத்தான் அப்படி வார்த்திருக்கிறார்கள். புது புஷ்ஷைத் திருப்பி வைத்தால் ஸ்டியரிங்கின் தன்மையே மாறிவிடும். அந்த வெற்றிடத்தின் நடுவுக்கு நேராக ஆர்ம் மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஆர்மின் ஓரத்திலிருந்து புஷ் எத்தனை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது என்பதையும் அளந்து வையுங்கள்.

அழுத்தி எடுக்கும்போது ஆர்மின் கீழே, புஷ்ஷைவிடச் சற்றே பெரிய உள்விட்டமுள்ள ஒரு குழாயைத் தாங்கலாகக் கொடுங்கள், புஷ் அதற்குள் இறங்கட்டும். பிரஸ் இல்லாதவர்கள் நீளமான போல்ட், தடித்த வாஷர், பெரிய சாக்கெட் வைத்து இழுத்து எடுக்கலாம். தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டாகப் பார்த்து எடுங்கள், சாதாரண போல்ட்டின் மரை பாதியிலேயே உரிந்துவிடும். மரையில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். எதற்கும் அசையவில்லையா? ரப்பரைத் துளைத்து வெட்டி உள்குழலை எடுத்துவிட்டு, ஹேக்சா பிளேடை உள்ளே விட்டு வெளிக்குழலை மட்டும் அறுங்கள். ஆர்மில் கீறல் விழுவதற்கு முன் நிறுத்தி, உளியால் உள்பக்கமாக மடக்கினால் வந்துவிடும். ரப்பரைக் கொளுத்தி எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை நச்சு, சூடு ஆர்முக்கும் நல்லதல்ல. செய்யாதீர்கள்.

துளையைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று சுத்தம் செய்யுங்கள். புது புஷ்ஷைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் வெளிக்குழல் துளி சுருங்கும், உள்ளே நுழைவது எளிதாகும். திரவம் நிரப்பிய புஷ்ஷுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். அழுத்தும் விசை வெளிக்குழலின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். உள்குழலையோ ரப்பரையோ அழுத்தினால் ஒட்டு விட்டுப்போகும், புது புஷ் மாட்டுவதற்கு முன்பே பழையதாகிவிடும். வெளிக்குழல் இல்லாமல் ரப்பரே ஆர்மைத் தொடும் வகை என்றால் சோப்புத் தண்ணீர் தடவலாம். பெட்ரோலிய கிரீஸோ எண்ணெயோ வேண்டாம், ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

படி 6: மாட்டுதல்

ஆர்மை இடத்தில் வைத்து எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மரையேற்றுங்கள். பிறகு பால் ஜாயின்டை நக்கிளில் ஏற்றி, மேனுவல் அளவுக்கு இறுக்கி, காட்டர் பின் இருந்தால் புதிதாகப் போடுங்கள். பால் ஜாயின்டை இப்போதே முழுவதும் இறுக்கலாம். புஷ் போல்ட்டுகளை மட்டும் ஆட்டம் இல்லாத அளவுக்குத் தொட்டு நிறுத்துங்கள்.

படி 7: கார் நிற்கும் உயரத்தில் இறுக்குதல்

இப்போது நக்கிள் தொங்குகிறது, ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இந்த நிலையில் இறுக்கினால் உள்குழல் இந்தக் கோணத்திலேயே சப்ஃபிரேமோடு பூட்டிக்கொள்ளும். காரை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பிழிந்த துணியை அப்படியே பிடித்து வைத்திருப்பது போல, சும்மா நிற்கும் நேரத்திலும் அந்த முறுக்கு அதன் மேல் இருந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் ஒரு குழியில் ஏறும்போது இன்னும் முறுக்க வேண்டும், ரப்பர் கிழிகிறது. கார் நிற்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் ஓய்வில் இருக்கும். மேலே போனாலும் கீழே போனாலும் பாதி முறுக்குதான்.

செய்வது இப்படி. ஒரு ஜாக்கியை பால் ஜாயின்டுக்கு அடியில், நடுவில் ஒரு மரத்துண்டு கொடுத்து வைத்து மெல்ல உயர்த்துங்கள். சக்கரம் இல்லாததால் ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்துக்கொள்ளுங்கள். தொங்கும்போது 47 செ.மீ. காட்டியது 44, 41 என்று குறைந்துகொண்டே வரும். எழுதி ஒட்டிய 37 வரும் சமயத்தில் பாடி ஸ்டாண்டைவிட்டு எழும்பப் பார்க்கும். காரின் எடை முழுவதும் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அங்கே நிறுத்தி, ஸ்டாண்டு நகராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இருந்தபடி டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். இப்படி நிறுத்திய காருக்கு அடியில் உடம்பை நுழைக்க வேண்டாம். போல்ட்டுக்குக் கை எட்டவில்லை என்றால், சக்கரத்தை மாட்டி, இரண்டு முன்சக்கரங்களுக்கும் அடியில் உறுதியான அகலக் கட்டைகளை வைத்து அதன் மேல் காரை இறக்கிவிட்டு இறுக்கலாம். இடம் இருந்தால் இந்த இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது.

இறுக்கும் அளவு பல கார்களில் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சிலவற்றில் ஓர் அளவுக்கு இறுக்கிய பிறகு 90 டிகிரி கூடுதலாகத் திருப்பச் சொல்வார்கள். அந்த வகை போல்ட் இறுகும்போது நீண்டுவிடும் என்பதால் புதிதுதான் போட வேண்டும்.

பின்புஷ்ஷின் போல்ட் செங்குத்தாக நின்றால் அதற்கு இந்த முறுக்குப் பிரச்சினை மிகக் குறைவு. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே நிலையில் இறுக்கிவிடுவது நல்லது, நேரம் ஒன்றும் அதிகமாகாது.

படி 8: ஓட்டிப் பார்த்தல்

லிங்க்கை மாட்டி, சக்கரத்தைப் போட்டு, இறக்கி, வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். முதலில் மெதுவாக ஒரு சுற்று: பிரேக், ரிவர்ஸ், வேகத்தடை. பிறகு போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டுக்கு விடுங்கள். ஆர்ம் உட்காரும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறிவிடும், புது டயரும் பழையபடி உள்பக்கம் தேயத் தொடங்கும். அளவு பார்ப்பவரிடம் லோயர் ஆர்ம் கழற்றி மாட்டியது என்று சொல்லிவிடுங்கள், டோவோடு கேம்பர், கேஸ்டர் என்ற மற்ற சாய்வுக் கோணங்களையும் சேர்த்துப் பார்ப்பார்.