புவித்தட்டு எல்லைகள்: விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

'தட்டுகள் உருகிய மாக்மாவில் மிதக்கின்றன' என்று தொடங்கினால் முதல் வரியே பிழை. தட்டுக்கு அடியிலுள்ள கவசம் (மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடைப்பட்ட அடுக்கு) பெரும்பாலும் திடப்பாறை. நிலநடுக்கத்தில் எழும், திரவத்தில் புகாத எஸ் அலைகள் அதில் தடையின்றிப் போகின்றன. சூடேறிய அந்தப் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நெகிழ்ந்து நகர்கிறது, அவ்வளவே. தட்டு என்பது மேலோடு மட்டுமல்ல. கடலடி மேலோட்டின் தடிமன் சுமார் 7 கி.மீ.தான், ஒட்டியுள்ள மேல் கவசத்தையும் சேர்த்தால்தான் தட்டு, சுமார் 100 கி.மீ. வரை.

கடற்கரையைத் தட்டின் விளிம்பாக வரைவது இன்னொரு தவறு. நம் தட்டு சென்னையோடு முடிவதில்லை. வங்கக்கடலுக்கு அடியில் நீண்டு, அந்தமான்–சுமத்ரா அகழியில்தான் (ஆழமான கடலடிப் பள்ளம்) கீழே செருகுகிறது.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது, தட்டுகள் ஒன்றையொன்று நோக்கி நகரும் குவியும் எல்லையில். 'தட்டுகள் மோதினால் எரிமலை' என்றால், இமயமலையில் ஏன் இல்லை? அந்தமானின் பாரன் தீவில் எப்படி வந்தது? செருகும் கடலடித் தட்டு நீரையும் உள்ளே கொண்டுபோகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் வெளியேறும் அந்த நீர், மேலேயுள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகுவது அந்தப் பாறைதான். உராய்வுச் சூட்டில் தட்டே உருகுகிறது என்று எழுதுவது பல குறிப்பேடுகளில் தொற்றிய பழக்கம். இமயத்திலோ இருபுறமும் அடர்த்தி குறைந்த கண்டப் பாறை. ஆழத்துக்கு இறங்காமல் மடிந்து தடிக்கிறது.

கடலடி நிலநடுக்கம் எல்லாமே சுனாமி தராது. 2004 டிசம்பர் 26-இல் அகழியருகே கடல்தளம் மேலும் கீழுமாக அசைந்து நீரைத் தள்ளியது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம்; சென்னையிலும் உணரப்பட்டது. பாறை பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. அது தட்டின் உட்புறத்தில் நேர்ந்தது என்பதையும் கவனிக்க: எல்லையில் மட்டும்தான் நிலம் நடுங்கும் என்பதும் தவறு.

தட்டு நகர்வுக்குக் காரணமாக வெப்பச்சலனத்தை (கவசத்தில் சூடான பாறை எழுந்து, குளிர்ந்தது இறங்கும் சுழற்சி) மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். குளிர்ந்து கனத்த தட்டு முனை அமிழும்போது, பின்னாலுள்ள பகுதியையும் இழுக்கிறது. பசிபிக் தட்டு வேகமாக நகர்வதற்கு இதுவே முக்கியக் காரணம். விளிம்புகளில் பெரிய அமிழ்வு இல்லாத அட்லாண்டிக்கின் நடுமுகட்டில் (தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடர்) ஆண்டுக்குச் சில செ.மீ. விலகலே.

வேகம் எழுதினால் எதைச் சார்ந்தது என்றும் எழுதுங்கள். யுரேசியாவைச் சார்ந்து இந்தியா ஆண்டுக்குச் சுமார் 4 செ.மீ. வடக்கே போகிறது, அந்த நகர்வில் ஏறத்தாழப் பாதி இமயத்தின் நெருக்கத்தில் உள்வாங்கப்படுகிறது, மீதி அதற்கும் வடக்கே.