புதைபடிவங்களில் உடலளவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரியலூர்ப் பக்கம் ஒரு பாறைச் சரிவில் ஏழெட்டு அம்மோனைட்டுகள் (சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன விலங்குகள்) கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கீழடுக்கில் இருந்தவை 4 செ.மீ. விட்டம், மேலடுக்கில் இருந்தவை 9 செ.மீ. கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது பிந்தையது. "இந்த உயிரினம் காலப்போக்கில் இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு வரிக்குள் நாலைந்து தவறுகள் இருக்கலாம். நாம் அளந்தது கல்லை. அந்தக் கல்லுக்கும் உயிரோடு நீந்திய விலங்குக்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று கேட்காமல் முடிவுக்கு வருவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

குட்டியா, சிறிய இனமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. அம்மோனைட் வாழ்நாள் முழுக்கத் தன் ஓட்டை நீட்டிக்கொண்டே போகும். 4 செ.மீ. ஓடு முழு வளர்ச்சி அடைந்த சிறிய இனமாகவும் இருக்கலாம், வளர்வதற்குள் செத்துப்போன குட்டியாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல் ஓடு தேய்ந்துபோன இடத்தில், சிக்குக் கோலம் மாதிரி வளைந்து நெளியும் கோடுகள் தெரியும். உள்ளே இருக்கும் காற்றறைகளின் தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடங்கள் அவை. விலங்கு வசித்தது கடைசி அறையில் மட்டும்தான், அங்கே கோடுகள் இருக்காது. கோடுகள் உடைந்த விளிம்பு வரைக்கும் ஓடினால், வசித்த அறையே முறிந்து போய்விட்டது என்று பொருள். நீங்கள் அளந்தது உண்மையான அளவைவிடக் குறைவு. அதேபோல, கடைசி இரண்டு மூன்று கோடுகள் மட்டும் ஒன்றோடொன்று நெருங்கி நின்றால், வளர்ச்சி மெதுவாகி நின்றுகொண்டிருந்த, முழுதாக வளர்ந்த உயிர் அது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். இந்த இரண்டையும் பார்க்காமல், விட்டம் அளக்கும் காலிப்பரை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

வளர்ந்தவை என்று உறுதியான பிறகும் ஆண், பெண் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரே அடுக்கில் பெரியதும் சிறியதுமாக இரண்டு வகை ஓடுகள் கிடைக்கும். உள்சுற்றுகள் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், கடைசிச் சுற்றில்தான் பிரியும். நெடுங்காலம் இவற்றுக்குத் தனித்தனி இனப்பெயர்கள் வைத்திருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் போலந்தின் மகோவ்ஸ்கியும் இங்கிலாந்தின் கேலமனும், இவை ஒரே இனத்தின் இரு பாலினங்கள் என்று விளக்கினார்கள். பெரியதைப் பெண் என்று கொள்வது வழக்கம். ஆக, கீழடுக்கில் ஆண்கள் அதிகமாகவும் மேலடுக்கில் பெண்கள் அதிகமாகவும் கிடைத்திருந்தால், எதுவுமே பெருக்கவில்லை.

குட்டியா, சிறிய இனமா என்ற குழப்பம் டைனோசர்களிலும் உண்டு, இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. கனடாவில் கிடைத்த வாத்து அலகு டைனோசர்களில், தனி இனங்கள் என்று பெயர் வாங்கியிருந்த சில சிறிய உருவங்கள் உண்மையில் பெரியவற்றின் குட்டிகள் என்று 1975இல் பீட்டர் டாட்சன் காட்டினார். ஜெர்மனியின் யூரோபசாரஸ் இதற்கு நேர் எதிர். நீண்ட கழுத்து டைனோசர்களில் 6 மீட்டர் என்பது மிகச் சிறியது, அதனால் முதலில் குட்டிகள் என்றே நினைத்தார்கள். எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது வளர்ச்சிக் கோடுகள் வெளி விளிம்பில் நெருங்கி நின்றன. மர வளையம் மாதிரிதான். அவை வளர்ந்த விலங்குகள், தீவில் வாழ்ந்து சிறுத்துப்போனவை என்று 2006இல் அறிவித்தார்கள்.

ஒரு துண்டை வைத்து முழு உருவம்

டங்கிலியோஸ்டியஸ் என்ற கவச மீன் சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அமெரிக்காவின் ஒஹாயோ பகுதிக் கடலில் இருந்தது. அதன் தலைக் கவசம் மட்டும்தான் நன்றாகப் பாறையில் நிற்கிறது, பின்னுடல் பெரும்பாலும் குருத்தெலும்பு. சுறாவின் வாய்க்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தை இதற்கும் போட்டு, 5 மீட்டருக்கு மேல், சிலர் 9, 10 மீட்டர் என்றுகூடச் சொல்லிவந்தார்கள். 2023இல் ரஸ்ஸல் எங்கல்மன் தலையின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டு, சராசரியாக 3.4 மீட்டர் என்றார். மீன் சிறுக்கவில்லை. தப்பான உறவுக்காரனோடு ஒப்பிட்டதைத் திருத்தினார்கள், அவ்வளவுதான்.

எடை என்று வந்தால் பிழை இன்னும் வேகமாகப் பெருகும். உருவம் மாறாமல் நீளம் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்காகும். நீளத்தில் செய்யும் சின்னத் தவறுகூட டன் கணக்கில் வந்து விழும். பெருவில் கிடைத்த பெருசெட்டஸ் என்ற பழங்காலத் திமிங்கிலத்துக்கு 2023இல் 85 முதல் 340 டன் என்று மதிப்பிட்டார்கள். கையில் இருந்தது 13 முதுகெலும்புகள், 4 விலா எலும்புகள், இடுப்பெலும்பின் ஒரு பகுதி. எலும்புகள் அசாதாரணக் கனம். ஆனால் எலும்பு கனமாக இருந்தால் சதையும் அதே விகிதத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆண்டே மோட்டானியும் பையன்சனும் 17 மீட்டர் நீளத்துக்கு 60 முதல் 70 டன் என்று இறக்கினார்கள்.

நம் மண்ணிலும் ஒரு உதாரணம் இருக்கிறது, அதை நினைத்தால் மனசு வலிக்கும். அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸ். யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் பிற்பாதியில் விவரித்தார்கள். கீழ்க்கால் எலும்பே 2 மீட்டர். முதலில் ஊன்தின்னி என்று வகைப்படுத்தினார்கள், இன்று நீண்ட கழுத்துத் தாவர உண்ணியாகக் கருதுகிறார்கள். அந்த எலும்புகள் பிறகு உதிர்ந்து அழிந்துவிட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும். அதனால் "உலகிலேயே பெரிய டைனோசர் தமிழ்நாட்டில்தான்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தலையாட்டாதீர்கள். மறுபடி அளந்து பார்க்க எலும்பு இல்லை.

பாறை செய்யும் மாற்றங்கள்

ஓடும் நீர் சல்லடை மாதிரி. சிறிய ஓடுகளை அடித்துக்கொண்டு போய்விடும், பெரியவற்றை விட்டுவிடும். சின்ன எலும்புகள் சீக்கிரம் நொறுங்கும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் டைனோசர் எலும்புகள் கொட்டிக்கிடக்கும் பாறைகளிலேயே சிறிய டைனோசர்கள் மிகக் குறைவாகவும் சிதைந்தும்தான் கிடைக்கின்றன. அப்புறம் நசுங்கல். வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுப் பாறைகளில் உள்ள ஆஞ்செலினா என்ற டிரைலோபைட் (அழிந்துபோன ஒரு கடல் கணுக்காலி) ஒரே பலகையில் ஒன்று ஒல்லியாகவும் இன்னொன்று அகலமாகவும் தெரியும். பாறை எந்தத் திசையில் அழுத்தப்பட்டதோ அந்தத் திசையில் உருவம் குறுகி, அதற்குக் குறுக்கான திசையில் இழுபட்டிருக்கிறது. உடல் வடிவம் மாறியதற்கு இதைச் சான்றாகக் காட்டிவிடக் கூடாது.

நேர்கோட்டு மயக்கம்

குதிரைப் படத்தை எல்லோரும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்போம். நரி அளவில் ஒன்று, ஆட்டு அளவில் ஒன்று, மட்டக்குதிரை, கடைசியில் இன்றைய குதிரை, எல்லாம் படிக்கட்டு மாதிரி வரிசையாக. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த முதல் குதிரைகள் சிறியவை என்பது சரி, முன்காலில் நான்கு விரல்கள் என்பதும் சரி. ஆனால் படிக்கட்டு சரியல்ல. முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் குதிரைகள் பெரும்பாலும் சிறியவையாகவே இருந்தன. அதற்குப் பிறகு குடும்பம் பல கிளைகளாகப் பிரிந்து சில பெருத்தன, சில அப்படியே நின்றன, நானிப்பஸ், ஆர்க்கியோஹிப்பஸ் போன்றவை சிறுத்தன. இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பேரினம். அதிலிருந்து பின்னோக்கிக் கோடு இழுத்தால் எந்தக் குடும்பமும் நேர்கோடாகத்தான் தெரியும்.

காலம் போகப் போக உடல் பெருக்கும் என்பதைக் கோப் விதி என்பார்கள். சராசரியை மட்டும் பார்த்து இதை நம்பிவிடும் பழக்கம் இருக்கிறது. டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துச் சிப்பி, நத்தை வம்சங்கள் 191ஐ 1997இல் டேவிட் யப்லோன்ஸ்கி ஆராய்ந்தார். பெருத்தவை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு சிறுத்தவையும் இருந்தன. தொடக்கத்தில் எல்லாம் சிறியவை, அதற்குக் கீழே போக இடமில்லை என்றால், தள்ளுவார் யாரும் இல்லாமலே மேல் எல்லை விரிந்து சராசரி ஏறும். ஆகவே சராசரியோடு மிகச் சிறியதன் அளவையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால்தான் பெருக்க வைத்த காரணத்தைத் தேட வேண்டும்.

மாற்றத்தின் வேகத்தை ஒப்பிடும்போது இன்னொரு குழி உண்டு. ஏரி நீர்மட்டம் ஒரே மழை நாளில் ஒரு அடி ஏறும். 50 ஆண்டுக்கு முந்தைய மட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இருக்காது. உடலளவும் அப்படித்தான், ஏறி இறங்கி ஏறும். அளக்கும் இடைவெளி நீளமாக ஆக, கிடைக்கும் வேகம் குறைந்துகொண்டே போகும் என்று 1983இல் ஃபிலிப் ஜிஞ்சரிச் காட்டினார். நூறாண்டு கணக்கையும் பத்து லட்சம் ஆண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்து "இது வேகம், அது மந்தம்" என்று சொல்ல முடியாது.

கடைசியாக, நம் கை செய்யும் தவறு. அரியலூர்ச் சரிவுகளுக்குப் போகிறவர்கள் பெரியதாக, முழுசாக, அழகாக இருப்பதையே பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எந்த அடுக்கு என்ற குறிப்பும் இருப்பதில்லை. அங்கே மிஞ்சுவது குட்டிகளும் உடைசல்களும். பத்து வருடம் கழித்து ஒரு மாணவி காலிப்பரோடு வந்து அளந்தால், அந்த அடுக்கின் அம்மோனைட்டுகள் எல்லாம் சிறுத்துப் போனவையாகத்தான் அவருக்குத் தெரியும்.