கான்கூன் பக்கம் சாப்பிடப் போகிறீர்களா? இந்த பில்லை முதலில் பாருங்கள்

போன டிசம்பர் விடுமுறையில், கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் மெக்சிகோவின் கரீபியன் கரை ஊரான கான்கூனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பில்லைப் படம் பிடித்து அனுப்பினான். "அண்ணா, ஒரு மீனுக்கு இவ்வளவா? ஏமாத்திட்டாங்களா?" பெரிதாக்கிப் பார்த்தேன். ஏமாற்றவில்லை. முதல் தடவை போனபோது நான் கட்டிய அதே பில். மீன்தான் வேறு.

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு கான்கூன் ரொம்பக் கிட்டே. அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்தால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா தனியாக எடுக்க வேண்டியதில்லை. அதனால் நாலு நாள் லீவு சேர்ந்தால் கிளம்பிவிடுகிறார்கள். நான் இதுவரை ஏழு தடவை போயிருக்கிறேன். கான்கூன், புவெர்ட்டோ மொரெலோஸ், பிளாயா டெல் கார்மென், துலும் என்று அந்தக் கரையில் ஒவ்வொரு முறையும் வயிற்றையோ பர்ஸையோ பழுதாக்கிக்கொண்டுதான் திரும்பினேன். குழாய்த் தண்ணீர் குடிக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள்.

"120 என்றுதானே போட்டிருந்தது?"

கடலைப் பார்த்த மேசை. மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். மெனுவில் 'முழு மீன்' என்று போட்டு எதிரே டாலர் குறியோடு 120. மெக்சிகோவில் பேசோவுக்கும் அதே குறிதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த அந்தப் பெருமையில்தான் விழுந்தேன். 120 பேசோ என்றால் ஏழு டாலர்கூட இல்லை. "இந்த ஊர்ல மீன் என்ன சல்லிசு பாத்தியா!" என்று வீட்டுக்காரியிடம் வேறு சொன்னேன்.

வெயிட்டர் ஒரு தட்டில் ஐஸ் பரப்பி, நாலைந்து மீனை அடுக்கிக் கொண்டுவந்து காட்டினார். செவுளைத் தூக்கிக் காட்டினார், நல்ல சிவப்பு. நாலு பேர் இருக்கிறோமே என்று இருப்பதிலேயே பெரியதைக் கை காட்டினேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். ரசனையுள்ள ஆள் என்று நினைத்துவிட்டார் போல என்று எனக்கும் சந்தோஷம்.

அந்த 120க்குப் பக்கத்தில் எறும்பு சைஸில் இன்னொன்றும் அச்சடித்திருந்தது: 100 கிராமுக்கு. என் மீன் 1.8 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 2,160 பேசோ.

அதோடு முடிந்ததா? குவாக்கமோலே 220, நாலு ஹமைக்கா பானம் 240. மொத்தம் 2,620. அதற்குக் கீழே 'செர்விஸியோ' என்று 15 சதவீதம், 393. அதை நான் வரி என்று நினைத்துக்கொண்டேன். 16 சதவீத வரி மெனு விலையிலேயே அடங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஆக அது டிப்ஸ். அடுத்து கார்டு மெஷினை நீட்டி, டிப்ஸ் 10ஆ, 15ஆ, 20ஆ என்று கேட்டார். கஞ்சன் என்று பேர் வாங்கக் கூடாதென்று 15 என்றேன். 3,013இன் மேல் 452. டிப்ஸுக்கே டிப்ஸ் கொடுத்த ஆள் நான்.

கடைசியாக மெஷினின் திரை ஒரு கேள்வி கேட்டது: பேசோவில் கட்டுகிறீர்களா, டாலரிலா? புரிகிற பணத்தில் கட்டுவோமே என்று டாலரை அமுக்கினேன். அன்றைக்கு ஒரு டாலருக்கு 18 பேசோ. மெஷின் போட்ட கணக்கு 16.50. 3,465 பேசோ என்பது 192.50 டாலர் ஆகியிருக்க வேண்டும், 210 ஆனது. ஒரே ஒரு பொத்தானுக்கு பதினேழரை டாலர்.

மீன் அருமை, அதில் குறையே இல்லை. யாரும் ஒரு வார்த்தை பொய் சொல்லவும் இல்லை. எல்லாம் எழுதியிருந்தது, எல்லாவற்றையும் கேட்டார்கள், நான்தான் தலையாட்டினேன். திட்ட ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது சீக்கிரம் ஆறாது.

செய்ய வேண்டியது இதுதான். மீனைக் கை காட்டியதும் எடை போடச் சொல்லுங்கள். "குவான்டோ பெசா?" என்றால் எவ்வளவு எடை. "குவான்டோ சாலே?" என்றால் மொத்தம் எவ்வளவு வரும். மீன் சமையலறைக்குள் போவதற்கு முன்னால் இரண்டையும் கேட்டு, தொகையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை; உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'பேசோ' என்ற சொல்லுக்கே எடை என்றுதான் பொருள். நாம் பேசாமல் இருந்தால் அது ஏறிக்கொண்டேதான் போகும். இரண்டு பேருக்கு முக்கால் கிலோ மீன் தாராளம். 'பொக்கினெட்டே' என்ற மீன் கிடைத்தால் விடாதீர்கள். வெள்ளைச் சதை, முள் தொந்தரவு குறைவு.

பில் வந்ததும் 'செர்விஸியோ' அல்லது 'ப்ரோப்பினா' என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் மெஷினில் பூஜ்யம். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம் கொடுப்பது வழக்கம். திரை கேட்டால் எப்போதும் பேசோ. மாற்றுக் கணக்கை உங்கள் வங்கியே இதைவிட நன்றாகப் போடும்.

தம்பியின் பில்லில் மீன் 1.4 கிலோ. என்னைவிடக் கெட்டிக்காரன்.

கையில் பட்டை கட்டிக்கொண்டு ஏழு நாள்

சாப்பாட்டுக்கும் சேர்த்தே முன்கூட்டிக் காசு வாங்கிவிடும் ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டுகளை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூன்று நாள் சொர்க்கம். நாலாம் நாள் அதே பஃபே, அதே மஞ்சள் விளக்குக்குக் கீழே அதே முட்டை. உள்ளே இருக்கிற இத்தாலிய, ஜப்பானிய உணவகங்களுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். பல இடங்களில் ஆண்கள் ராத்திரிக்கு முழுக்கால்சட்டை போடாவிட்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள். இவ்வளவும் செய்து நீங்கள் சாப்பிடுவது மெக்சிகோவில் பாஸ்தா.

காசு கட்டியாகிவிட்டதே என்ற எண்ணம் இருக்கிறதே, அதுதான் வெளியே போக விடாது. மூன்று ராத்திரி ரிசார்ட், மிச்சம் பிளாயாவிலோ புவெர்ட்டோ மொரெலோஸிலோ வெறும் அறை என்று பிரித்துப் போடுங்கள். கான்கூனிலேயே இருந்தாலும் ஓட்டல்கள் வரிசையாக நிற்கிற அந்தக் கடற்கரைத் திட்டிலிருந்து ஊருக்குள் ஆர்-1, ஆர்-2 பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. 1970இல் சுற்றுலாவுக்கென்றே கட்டத் தொடங்கிய ஊர் அது. ஓட்டலில் வேலை செய்ய யுக்கட்டானிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஊருக்குள் குடியேறினார்கள். கைப்பக்குவமும் அவர்களோடு அங்கே போய்விட்டது. சாயங்காலம் பார்க்கே டே லாஸ் பலாபாஸ் பூங்காவுக்குப் போனால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். வண்டிக்காரர் மெல்லிய மாவை இரும்புத் தட்டுகளுக்கு நடுவே சுட்டு, இனிப்புச் சாந்து தடவி, எடம் சீஸைத் துருவிக் கொட்டி, சூட்டோடு குழலாகச் சுருட்டித் தருவார். மார்க்கெசீட்டா என்று பேர். இனிப்புச் சாந்தோடு உப்புச் சீஸா என்று முகம் சுளித்த என் மகள் இரண்டாவது கேட்டாள்.

கடை சரி, நேரம் தப்பு

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று பயணம் ஆயிற்று. இந்தக் கரையில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதுதான் முக்கியம்.

கொச்சினீட்டா பிபில் காலைச் சாப்பாடு. பன்றி இறைச்சியை அச்சியோட்டே விதைச் சாந்தும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் சேர்த்துப் பிசறி, வாழையிலையில் பொதிந்து, மண்ணுக்குள் குழி வெட்டி வேக வைப்பது மாயா மக்களின் பழைய முறை. அந்தக் குழிக்குத்தான் 'பிப்' என்று பேர். ராத்திரி முழுக்க வெந்தது விடிகாலையில் கடைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பார்கள். பதினோரு மணிக்குப் போய் நின்ற எனக்குக் கிடைத்தது துடைத்துக் கவிழ்த்த பாத்திரம். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கடையில் கொச்சினீட்டா கிடைக்கிறதென்றால் அது யாருக்காகச் செய்தது என்று யோசியுங்கள்.

கடல் உணவு பகல் சமாச்சாரம். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனான செவிச்சே, எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சொட்டுகிற அக்வாச்சிலே எல்லாம் பன்னிரண்டிலிருந்து நாலு மணிக்குள். உள்ளூர் ஆட்கள் போகிற மரிஸ்கெரியாக்கள் (கடல் உணவுக் கடைகள்) பல மாலையிலேயே கதவைச் சாத்திவிடும். மத்தியானச் சாப்பாடு என்பது அங்கே இரண்டு மணிக்கு மேல்தான். அப்போது 'கோமீதா கொர்ரீதா' என்று பலகை வைத்த சின்னக் கடைக்குள் நுழையுங்கள்: சூப், ஒரு முக்கியப் பதார்த்தம், டோர்ட்டியா ரொட்டி, குடிக்க ஏதாவது, எல்லாம் சேர்த்து ஒரே விலை. நம்மூர் அளவுச் சாப்பாடு மாதிரி. திங்கட்கிழமையானால் கறுப்பு பீன்ஸும் பன்றி இறைச்சியும் சேர்த்த ஃப்ரிஹோல் கோன் புவெர்க்கோ. யுக்கட்டான் வீடுகளில் திங்களன்று அதுதான் வழக்கம். குடிக்கக் கொடுக்கும் சிவப்பு ஹமைக்கா நம் புளிச்ச கீரை இனத்துச் செடியின் பூவில் வருவது. ஒரு வாய் குடித்தால் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

அல் பாஸ்தோர் டாக்கோவோ ராத்திரிக்கு. லெபனானிலிருந்து போய்க் குடியேறியவர்களின் ஷவர்மாதான் மெக்சிகோவில் பன்றி இறைச்சியாக மாறி, உச்சியில் அன்னாசியைச் சூடிக்கொண்டது. பிளாயாவில் கடைத்தெருவான ஐந்தாம் அவென்யூவை விட்டுக் கடலுக்கு எதிர்த்திசையில் நடங்கள். அவென்யூ எண்கள் 5, 10, 15 என்று ஏறும். 30ஐத் தொட்டால் மெனுவில் ஆங்கிலம் குறையும், விலையும் குறையும், கம்பியில் அடுக்கிய இறைச்சிக் கூம்பு மட்டும் பெரிதாகும்.

"நான் வெஜிடேரியன்"

என்று சொன்னால் புன்னகையோடு கோழி கொண்டுவருவார்கள். இறைச்சியைக் குறிக்கும் 'கார்னே' என்றால் பலர் மனதில் மாடும் பன்றியும்தான். "நி போயோ, நி பெஸ்காடோ, நி ஹமோன்" என்று கோழி, மீன், ஹாம் மூன்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டும்.

அதையும் தாண்டி ஒளிந்திருப்பது மன்டேக்கா, பன்றிக் கொழுப்பு. மசித்த பீன்ஸைத் தாளிப்பது பெரும்பாலும் அதில்தான். தமால் என்ற சோளக் கொழுக்கட்டையின் மாவில் அதைப் பிசைவார்கள். சிவப்புச் சோறு கோழி ரசத்தில் வெந்திருக்கலாம். என் மாமியார் மூன்று நாள் பீன்ஸும் சோறுமாக நிம்மதியாகச் சாப்பிட்டார். நாலாம் நாள்தான் எனக்கு இது தெரிந்தது. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

"தியெனே மன்டேக்கா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நம்பிக் கேட்கக் கூடியவை: பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் அரைத்த சிகில் பாக் (துவையலேதான்), சுட்ட சோளம், கள்ளிமட்டை வதக்கல், சாயாக் கீரை. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பூசணி விதைச் சாந்தில் டோர்ட்டியாவைத் தோய்த்து அவித்த முட்டையை உள்ளே வைத்துச் சுருட்டும் பாப்பாட்ஸூலெஸ். அதை எந்தத் தட்டில் கண்டாலும் நான் மீன் வாசனையை மறந்துவிடுவேன்.

காரம் நமக்குப் பழக்கம்தானே

ஆகாது. மேசை மேலிருக்கும் பச்சைச் சட்னி பெரும்பாலும் ஹபனேரோ மிளகாய். புதினாச் சட்னி மாதிரி டோர்ட்டியாவில் தடவிய நண்பர் ஒருவர் பத்து நிமிஷம் பேசவில்லை. துளி தொட்டு நக்கிப் பாருங்கள், பிறகு வீரம்.

ஏப்ரலில் லாப்ஸ்டர்

மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் "இன்று காலை பிடித்தது" என்றால் ஒன்று ஃப்ரீசர், இல்லை திருட்டு.

பில்லுக்குக் காத்திருப்பது

வராது. கேட்காமல் நீட்டுவது அங்கே மரியாதைக் குறைவு. "லா குவென்டா, போர் ஃபவோர்."

பரிட்டோ

மெக்சிகோவின் வடக்கு மாநிலத்து அயிட்டம், இந்தக் கரையுடையது அல்ல.

துலும் கடற்கரை

மணலில் சாய்நாற்காலி போட்ட இடங்களில் 'கொன்சூமோ மினிமோ' உண்டா என்று உட்காரும் முன் கேளுங்கள். தலைக்கு இவ்வளவு தொகைக்காவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அர்த்தம். கடலில் கால் நனைத்துவிட்டு, சாப்பிட துலும் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

சிச்சென் இட்சா டூரின் மத்தியானச் சாப்பாடு

கட்டணத்தில் அடக்கம் என்பார்கள். அந்த பஃபேயைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. கார் எடுத்துக்கொண்டு போனால் சிச்சென் இட்சாவின் மாயா பிரமிடைக் காலையிலேயே பார்த்துவிட்டு வயாடோலிட் ஊருக்கு வாருங்கள். சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தைக் கூடத்தில் புகை ஏறிய லொங்கனீசா தொத்திறைச்சியும், தக்காளியில் வெந்த பன்றி இறைச்சியான லொமீட்டோஸும் கிடைக்கும். வயாடோலிட் இருப்பது யுக்கட்டான் மாநிலம். கடற்கரை குவின்டானா ரூ. இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். போகும்போது கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், "ஐயோ, ரெண்டு மணி ஆச்சே" என்று பறக்க வேண்டாம், அங்கே ஒன்றுதான். திரும்பும்போது அந்த ஒரு மணியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஏழுக்கு வந்துவிடலாம் என்று கிளம்பினால் பிளாயா வந்து சேரும்போது எட்டாகியிருக்கும். பரவாயில்லை, 30ஆம் அவென்யூவில் பாஸ்தோர் கூம்பு அப்போதுதான் நன்றாகச் சிவந்திருக்கும்.